சித்தப்பா தந்த வறட்சியும் தாத்தா கட்டிய அணையும்

2019 ஜூலை 12, வெள்ளிக்கிழமை. ஜோலார்பேட்டையில் காவிரித் தண்ணீரை நிரப்பிக்கொண்டு கிளம்பிய ரயில், ஆவடியையும் அம்பத்தூரையும் தாண்டி வில்லிவாக்கத்தில் வந்து நின்றது. 50 வேகன்கள், 25 லட்சம் லிட்டர். சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் என நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்த கோடை அது. அடுத்த வெள்ளிக்கிழமை, ஜூலை 19 அன்று, ‘தி லயன் கிங்’ தமிழ் பேசிக்கொண்டு திரைக்கு வந்தது. சிம்பாவுக்கு சித்தார்த்தும் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும் குரல் கொடுத்திருந்தார்கள். நவம்பர் 22 அன்று ‘ஃப்ரோசன் 2’ வந்தது. அதில் எல்சாவுக்கு ஸ்ருதி ஹாசன், அன்னாவுக்கு திவ்யதர்ஷினி.

இரண்டும் டிஸ்னி படங்கள். இரண்டையும் குழந்தைகளுக்காகவே அழைத்துப் போனோம். இரண்டிலும் ஒரு நாடு தண்ணீரால் சோதிக்கப்படுகிறது. ஒன்றில் மழை பொய்க்கிறது, மற்றதில் அணை உடைகிறது. நாமோ 2015 டிசம்பரில் வெள்ளத்தையும் 2019 கோடையில் வறட்சியையும் நான்கே ஆண்டு இடைவெளியில் பார்த்தவர்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் குடியிருப்பவர்கள் இந்த இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. குழந்தைப் படங்களுக்குள் பெரியவர்கள் தேடும் மறைபொருளில் எது பயனுள்ளது, எது வீண் என்பதையும் இந்த ஒப்பீடே காட்டிக்கொடுக்கும்.

புழுதிக்குள் தேடியவர்கள்

குழந்தைப் படங்களில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் ஆசை பெரியவர்களுக்கு எப்போதும் உண்டு. அதில் இரண்டு வகை. முதல் வகை புதிர் தேடல். 1994இல் வந்த முதல் ‘லயன் கிங்’ படத்தில் சிம்பா பாறையில் சாய்ந்து விழ, புழுதி எழும்பி இரவு வானத்தில் கலையும். அந்தப் புழுதியில் ஓர் ஆபாசச் சொல் தெரிகிறது என்று 1995இல் அமெரிக்காவில் புகார் கிளம்பியது. அது சிறப்புக் காட்சிப் பிரிவினர் தங்கள் பிரிவின் பெயர்ச் சுருக்கத்தை விளையாட்டாகப் பதித்தது என்று படத்தில் வேலை செய்தவர்கள் விளக்கினார்கள். ஜப்பானில் இயக்குநர் மியாசாகியின் ‘என் அயலார் டோடோரோ’ படத்துக்கு இதைவிட மோசமான கதி. 1988இல் வந்த அந்தப் படத்தின் இரண்டு சிறுமிகளும் உண்மையில் இறந்துபோனவர்கள், டோடோரோ சாவின் தேவதை என்று ஒரு வதந்தி பல ஆண்டுகள் சுற்றியது. அதில் உண்மையில்லை என்று 2007இல் படத்தை எடுத்த கிப்லி ஸ்டுடியோவே சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா நோயில் படுத்திருக்கிறாள், குழந்தைகள் அவளை இழந்துவிடுவோமோ என்று நடுங்குகிறார்கள் என்பது படத்திலேயே வெளிப்படையாக இருக்கிறது. அந்த வலி போதாதென்று, இல்லாத பிணங்களைத் தோண்டினார்கள்.

இரண்டாவது வகை, படத்தைத் தன் காலத்தோடும் இடத்தோடும் சேர்த்து வாசிப்பது. ‘லயன் கிங்’ கதையில் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டைப் பலரும் கண்டார்கள். தம்பி அண்ணனைக் கொன்று அரியணை ஏறுவதும், இறந்த தந்தை மகனுக்குத் தோன்றுவதும் அங்கிருந்து வந்தவைதான். 1994 படத்தில் கழுதைப்புலிகள் அணிவகுத்து நடக்கும் காட்சி நாஜிகளின் பிரச்சாரப் படத்தை நினைவூட்டுவதும் தற்செயலில்லை. ‘ஃப்ரோசன் 2’ காட்டும் நார்த்துல்ட்ரா மக்கள், ஸ்காண்டிநேவியாவின் வடக்கில் கலைமான் மேய்க்கும் சாமி பழங்குடியினரின் சாயலில் படைக்கப்பட்டவர்கள். அதற்காக நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் சாமி நாடாளுமன்றங்களோடு டிஸ்னி ஒப்பந்தம் செய்துகொண்டது. வட சாமி மொழியிலும் அந்தப் படம் வந்தது. படத்தின் அணையைப் பார்த்தவர்களுக்கு, நார்வேயின் ஆல்டா ஆற்றில் அணை கட்டக் கூடாது என்று 1970களின் இறுதியில் சாமி மக்கள் நடத்திய போராட்டம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

இந்த இரண்டு வகையையும் பிரிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. விளக்கத்தைக் கேட்ட பிறகு படத்தை மறுபடி பார்க்க வேண்டும். காட்சிகள் முன்பைவிடத் தெளிவாகப் பேசினால் அது நல்ல வாசிப்பு. காட்சிகள் செத்து, புதிர் மட்டும் மிஞ்சினால் அது வீண். இனி வரும் ஒப்பீட்டையும் வாசகர் இதே சோதனைக்கு உட்படுத்தலாம்.

மழை யாருக்காகப் பெய்கிறது?

‘லயன் கிங்’ சொல்லும் தண்ணீர்க் கதை நமக்குப் புதிதில்லை. சிம்பாவின் தந்தை முஃபாசா ஆளும்வரை புல்வெளி பச்சையாக இருக்கிறது. ஸ்கார் அண்ணனைக் கொன்று ஆட்சிக்கு வந்ததும் ஆறு வற்றுகிறது, மண் சாம்பல் நிறமாகிறது, மான்கூட்டம் வெளியேறுகிறது. சிம்பா திரும்பி வந்து ஸ்கார் வீழ்ந்ததும் மழை கொட்டுகிறது. செங்கோல் வளைந்தால் வானம் பொய்க்கும் என்று திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம் சொல்கிறது. மணிமேகலையும் அரசனின் கோல் திரிந்தால் கோள்கள் திரியும், மழை வறளும் என்கிறது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் நடப்பதாக அமெரிக்கர்கள் எடுத்த படம், நம் பழைய அரசியல் அறத்தை அப்படியே பேசுகிறது. தமிழ்ப் பிரதியைப் பார்த்த தாத்தா பாட்டிகள் யாரும் விளக்கம் கேட்காததற்குக் காரணம் இதுதான். நாட்டை இழந்த இளவரசன் வேறெங்கோ வளர்ந்து திரும்பி வருவதை அவர்கள் ‘பாகுபலி’யிலும் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இந்தக் கதையில் ஒரு தையல் பிரிகிறது. ஸ்காரின் ஆட்சியில் இரை தீர்ந்துபோவதற்குக் காரணம் இருக்கிறது. கழுதைப்புலிகள் அளவில்லாமல் வேட்டையாடுகின்றன. சிங்கம் மானைத் தின்னும், சிங்கம் செத்துப் புல்லாகும், அந்தப் புல்லை மான் தின்னும் என்று முஃபாசா மகனுக்குச் சொன்ன கணக்கை ஸ்கார் உடைத்துவிட்டான். இதுவரை சரி. மழை ஏன் நின்றது? அதற்குப் படத்தில் காரணமே கிடையாது. சிம்பா வந்த பிறகு மழை ஏன் பெய்தது? அதற்கும் இல்லை. அவன் ஒரு வாய்க்காலைத் தூர்வாரவில்லை, ஒரு குட்டையை வெட்டவில்லை. பாறை மேல் ஏறி நின்று கர்ஜிக்கிறான், அவ்வளவுதான். சரியான ஆள் நாற்காலியில் உட்கார்ந்தால் தண்ணீர் தானாக வரும் என்பதே இந்தப் படத்தின் உட்பொருள்.

நம் மரபில் இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொல்லும் அறிவுரை, மழைக்காகக் காத்திருக்கச் சொல்வதில்லை. நிலம் எங்கே பள்ளமாக இருக்கிறதோ அங்கே நீரைத் தடுத்துத் தேக்கு, அப்படிச் செய்தவன் பெயரே நிலைக்கும் என்கிறார். ஆள்பவனின் குணத்தை மட்டும் பார்க்காதே, அவன் எதைக் கட்டினான், எங்கே கட்டினான் என்பதைப் பார் என்ற அளவுகோல் அது. ‘ஃப்ரோசன் 2’ நிற்பது அந்தப் பக்கத்தில்.

பரிசாக வந்த அணை

‘ஃப்ரோசன் 2’ ஒரு தூங்கவைக்கும் கதையில் தொடங்குகிறது. எல்சாவும் அன்னாவும் சிறுமிகளாக இருந்தபோது அப்பா சொல்கிறார்: உங்கள் தாத்தா ரூனார்ட் மன்னர், காட்டில் வாழும் நார்த்துல்ட்ரா மக்களுக்கு நட்பின் அடையாளமாக ஓர் அணையைக் கட்டிக் கொடுத்தார், விழா நாளில் அவர்கள் நம்மைத் தாக்கிவிட்டார்கள், சண்டையில் தாத்தா இறந்தார். குழந்தைகளும் நம்புகிறார்கள், பார்க்கும் நாமும் நம்புகிறோம்.

பிறகு அந்தக் கதை துண்டு துண்டாகத் திருத்தப்படுகிறது. தண்ணீருக்கு நினைவாற்றல் உண்டு என்று பனிமனிதன் ஓலாஃப் போகிறபோக்கில் சொல்கிறான். பெரியவர்களில் பலர் அதைச் சிரித்துக் கடந்துவிட்டார்கள். படத்தின் அச்சாணியே அந்தப் பேச்சுதான். கடைசியில், நினைவுகளைத் தாங்கிய பனியாற்றுக்குள் எல்சா உண்மையைப் பார்க்கிறாள். அந்தக் காட்சி பனிச்சிலையாக உறைந்து, குகைக்குள் இருக்கும் அன்னாவின் முன்னால் வந்து நிற்கிறது. கையில் ஆயுதமில்லாத நார்த்துல்ட்ரா தலைவர். அவருக்குப் பின்னால் வாளை ஓங்கியபடி தாத்தா. அணை அந்தக் காட்டின் வலிமையை உறிஞ்சத்தான் கட்டப்பட்டது. பரிசு என்று சொல்லிக்கொடுத்தது பொய்.

அன்னா செய்வது என்ன? அணையை உடைக்க முடிவெடுக்கிறாள். உடைத்தால் தன் ஊரான ஆரண்டெல் வெள்ளத்தில் போகும் என்று தெரிந்தே எடுக்கும் முடிவு அது. 34 ஆண்டுகள் அந்தக் காட்டிலேயே சிக்கிக் கிடந்த ஆரண்டெல் படை அதிகாரி மத்தியாஸ் முதலில் வழி மறிக்கிறார். தாத்தா செய்ததைக் கேட்டதும் அவரே துணைக்கு வருகிறார். எதைக் காக்க வழி மறித்தாரோ அதையே உடைக்கத் துணை நிற்கும் அந்த முதியவரின் முகம், இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

பங்காளியும் பாட்டனும்

இரண்டு படங்களிலும் தவறு குடும்பத்துக்குள்ளேதான் நடக்கிறது. ஆனால் யார் செய்த தவறு என்பதில்தான் வேறுபாடு. ‘லயன் கிங்’கில் குற்றவாளி சித்தப்பா. நம் வீடுகளில் பங்காளிப் பகைக்குப் பஞ்சமில்லை. பாகத்தில் கைவைத்த சித்தப்பாவைப் பற்றிய கதை இல்லாத தெரு உண்டா? அவரைக் குற்றம் சொல்வது எளிது. அவர் தோற்றால் நம் பங்கு நமக்கு வரும், கதையும் நிறைவாக முடியும். பிள்ளை எதையும் இழக்க வேண்டியதில்லை.

‘ஃப்ரோசன் 2’இல் குற்றவாளி தாத்தா. இது நமக்குக் கஷ்டமான இடம். தாத்தா என்றால் வீட்டைக் கட்டியவர், மாலை போட்ட படமாகச் சுவரில் இருப்பவர். அவர் கட்டிய கூரையின் கீழ் உட்கார்ந்துகொண்டு அவரைக் கேள்வி கேட்பது எப்படி? அவர் செய்த தவறு நிரூபணமானால் நமக்கு எதுவும் திரும்பி வராது, நம் கையிலிருந்துதான் போகும். சித்தப்பாவின் கதை உரிமையைப் பற்றியது, தாத்தாவின் கதை கடனைப் பற்றியது. முதல் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்ல நாம் தயங்குவதே இல்லை. இரண்டாவதைச் சொல்ல வாய் வருவதில்லை.

ஏரிக்குள் உட்கார்ந்து பார்த்த படம்

‘ஃப்ரோசன் 2’ஐ நான் முகப்பேரில் என் தங்கை வீட்டுத் தொலைக்காட்சியில் மறுபடி பார்த்தேன். அந்தப் பகுதிக்கு வீட்டுவசதி வாரியம் வைத்த பெயரே முகப்பேர் ஏரித் திட்டம். தங்கையின் மாமனார் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். தவணை கட்டி வாங்கிய வீடு. பனிச்சிலைக் காட்சி முடிந்ததும் அவர் பேத்தி கேட்டாள்:

“அந்த ராஜா தெரிஞ்சேதான் அப்படிக் கட்டினாரா தாத்தா?”

“தெரிஞ்சேதான் கட்டினான் கண்ணு. கெட்டவன்.”

“தெரியாம கட்டியிருந்தா பரவாயில்லையா?”

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “தெரிஞ்சதுக்கு அப்புறமாவது சரி பண்ணணும்டா.”

அந்தக் குழந்தையின் இரண்டாவது கேள்வியை இரண்டு படங்களும் கேட்கவில்லை. மேற்குச் சென்னையின் கதையோ அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் என்று பெரிய ஆலைகள் இருந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு வீடு தேவைப்பட்டது, வீட்டுக்கு நிலம் தேவைப்பட்டது. வயல்கள் போய்விட்டதால் ஏரிகளுக்குப் பாசன வேலை இல்லை. கோடையில் காய்ந்து கிடந்த ஏரி வெறும் மைதானமாகத்தான் தெரிந்தது. மனை போட்டவர்களிலும் வாங்கியவர்களிலும் ரூனார்ட் மன்னனைப் போல் வஞ்சம் வைத்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பெரும்பாலானவர்களுக்கு அது வாழ்நாள் கனவு.

ஏரி தனியாக நிற்கும் பொருளும் இல்லை. ஆவடிப் பக்கத்து மழைநீர் அம்பத்தூர் ஏரிக்கு வரும். அது நிரம்பிக் கலங்கல் வழியே கொரட்டூர் ஏரிக்குப் போகும். அங்கிருந்து ரெட்டேரி. மேல் ஏரியின் போக்குக் கால்வாய்தான் கீழ் ஏரியின் வரத்துக் கால்வாய். நடுவில் ஒரு கால்வாயின் மேல் கடை கட்டினால் கீழே உள்ள ஏரி பட்டினி கிடக்கும், மேலே உள்ள தெருவில் தண்ணீர் தேங்கும். 2015இல் மூழ்கிய தெருக்களுக்கும் 2019இல் வறண்ட ஆழ்துளைக் கிணறுகளுக்கும் காரணம் ஒன்றேதான்: தண்ணீர் தங்கவும் நகரவும் இருந்த இடத்தை நாம் எடுத்துக்கொண்டோம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து அங்குள்ள குடியிருப்போர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். ஏரியின் இடத்தில் குடியேறிய தலைமுறையின் பிள்ளைகளே ஏரிக்காக வழக்காடுவது, மத்தியாஸ் அணையை உடைக்கத் துணை நிற்பதற்குச் சற்றும் குறைந்ததில்லை.

இரண்டு படங்களும் தவறவிட்டவை

ஒப்பீட்டில் ‘ஃப்ரோசன் 2’ பக்கமே தட்டு தாழ்ந்தாலும், அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது, அதற்கும் ஒரு வில்லன் தேவைப்படுகிறது. ஸ்காரின் இடத்தில் ரூனார்ட். கெட்டவன் ஒருவன் இருந்தால்தான் தவறு தவறாகும் என்று இரண்டு படங்களுமே குழந்தைகளுக்குச் சொல்லித்தருகின்றன. நல்லவர்கள் சேர்ந்து நல்ல நோக்கத்தோடு செய்ததும் நிலத்தைக் கெடுக்கலாம் என்பதைச் சொல்ல இரண்டுக்கும் துணிவில்லை.

இரண்டாவது, விலை. அணை உடைந்து வெள்ளம் ஆரண்டெல் நகரை நோக்கிப் பாய்கிறது. பனியை ஆளும் மந்திரம் கொண்ட எல்சா நீர்க்குதிரையில் வந்து பனிச்சுவர் எழுப்பித் தடுத்துவிடுகிறாள். ஒரு வீடுகூடப் போகவில்லை. நீதியும் கிடைத்தது, நகரமும் பிழைத்தது, யாருக்கும் நஷ்டமில்லை. உலகெங்கும் கூர்மையான பார்வையாளர்கள் பலர் குறைசொன்ன இடம் இதுதான். நம் ஊரில் அப்படி யாரும் வரவில்லை. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்ட தண்ணீர் அடையாற்றுக் கரையோர வீடுகளுக்குள் புகுந்தபோது தடுக்க எந்தச் சுவரும் எழவில்லை. 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை அதை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. ஏரியை மீட்கும் வேலை வரும்போதும் விலை கொடுப்பவர்கள் கரையோரக் குடிசைவாசிகள்தான். முதலில் அவர்கள்தான் அப்புறப்படுத்தப்படுகிறார்கள். பட்டா வாங்கிய மாடி வீடும், ஏரி நிலத்தில் எழுந்த அரசுக் கட்டடமும் கடைசிவரை கணக்கில் வருவதில்லை. ஆரண்டெல் தப்பியதுபோல் வசதியானவர்களின் பங்கு இங்கேயும் தப்பிவிடுகிறது.

‘லயன் கிங்’குக்கும் ஒரு நியாயம் உண்டு. ஆள்பவரின் நேர்மை தண்ணீரோடு தொடர்புடையது என்ற அதன் நம்பிக்கையை முழுக்கத் தள்ளிவிட முடியாது. மதகை எப்போது திறப்பது, எந்த ஏரியில் மனை போட அனுமதிப்பது என்பதெல்லாம் நாற்காலியில் இருப்பவரின் முடிவுகளே. ஆட்சியைக் கேள்வி கேட்கும் கதை நமக்கு வேண்டும். ஆனால் அந்தக் கதை மட்டும் போதும் என்று இருந்துவிட்டால், ஒவ்வொரு கோடையிலும் ஸ்காரைத் திட்டுவோம், ஒவ்வொரு தேர்தலிலும் சிம்பாவைத் தேடுவோம், நடுவில் நம் தெரு முனையில் வரத்துக் கால்வாய் மூடப்படுவதைப் பார்த்துக்கொண்டு நடப்போம்.

தீர்ப்பு

மறைபொருள் என்று பெரியவர்கள் தேடுவது பெரும்பாலும் மறைந்தே இருப்பதில்லை. ‘லயன் கிங்’கில் வற்றிய ஆறும், ‘ஃப்ரோசன் 2’இல் உடையும் அணையும் திரை நிறைய இருக்கின்றன. குழந்தைகள் பார்க்கிறார்கள், கேள்வியும் கேட்கிறார்கள். புழுதியில் எழுத்துத் தேடும் பெரியவர்களுக்குத்தான் அவை தெரிவதில்லை. கலைப்படைப்பாக இரண்டில் எது உயர்ந்தது என்றால் வாதிடலாம். 1994 படத்தின் கட்டுக்கோப்பு ‘ஃப்ரோசன் 2’இல் கிடையாது. ஆனால் செம்பரம்பாக்கத்துக்கும் புழலுக்கும் நடுவில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு எந்தப் படம் அதிகம் உதவும் என்று கேட்டால், தயக்கமில்லாமல் ‘ஃப்ரோசன் 2’ என்பேன். முன்னோர் விட்டுப்போனதைப் பரிசு என்று மட்டும் எண்ணாமல், அதன் கணக்கையும் சரிபார்க்கச் சொல்லும் படம் அது.

இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். படம் முடிந்ததும் விளக்க உரை வேண்டாம். உங்கள் தெரு கட்டப்படுவதற்கு முன் அந்த இடம் என்னவாக இருந்தது, அதன் மேல் விழுந்த மழை எங்கே போனது என்று தேடச் சொல்லுங்கள். பழைய கிராம வரைபடத்தில் அது ஏரி என்று இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அந்த வீட்டை வாங்கியதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் ஏரியையும் அதற்கு வரும் கால்வாயையும் காப்பாற்றும் வேலையில் பிள்ளைகளோடு சேர்ந்துகொள்ளுங்கள்.